கிறீன் காட் படிவமும் வன்னியில் கட்டிய சாப்பாட்டுப் பார்சலும்

சித்தியின் மகள் கிளிநொச்சியில் இருந்து ஒரு ஞாயிறு மாலை வட்ஸ்அப்பில் அழைத்தாள். அவளுக்கு முன்னால் மடிகணினி. திரையில் அமெரிக்க குடிவரவு விசாவுக்கான டி.எஸ்-260 படிவம். கணவன் நியூ ஜேர்சியில் இருக்கிறார், அமெரிக்கப் பிரஜை. அங்கே ஒரு சட்டத்தரணி 4,000 டொலர் கேட்டாராம். "படிவம்தானே, நாங்களே நிரப்புவம்" என்று இருவரும் முடிவெடுத்திருந்தார்கள். ஆங்கிலம் தெரிந்த உறவு என்பதால் சரிபார்க்கும் வேலை எனக்கு வந்தது.

முதல் தடங்கல் முகவரியில். 16 வயதில் இருந்து வாழ்ந்த இடங்களை எல்லாம் மாதம், வருடத்தோடு கேட்கிறது படிவம். அவளுக்கு 16 வயது 2008இல். தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால், பிறகு செட்டிகுளம் முகாம். "பங்கருக்கு என்ன அக்கா முகவரி போடுறது?" என்று சிரித்தாள். ஊர்ப் பெயரையும் மாதத்தையும் எழுதி அதைக் கடந்தோம்.

பிறகு பாதுகாப்புக் கேள்விகள் வந்தன. பயங்கரவாத அமைப்பு எதற்காவது நிதியுதவியோ வேறு ஆதரவோ வழங்கியது உண்டா? கிளர்ச்சிக் குழு எதிலாவது இருந்தது, தொடர்புபட்டது உண்டா? ஆயுதப் பயிற்சி உண்டா?

"எல்லாத்துக்கும் இல்லை எண்டு போடட்டோ?"

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். திருமணத்தின் வழியாக அமெரிக்க நிரந்தர வதிவிடம் பெறச் சட்டத்தரணி கட்டாயம் இல்லை. கணவனோ மனைவியோ அமெரிக்கப் பிரஜையாக இருந்தால் வருடாந்த எண்ணிக்கை வரம்பும் இல்லை. அவர் ஐ-130 மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். அது ஏற்கப்பட்டதும் கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போகும். அங்கே டி.எஸ்-260 படிவம், நிதிப் பொறுப்பேற்கும் ஐ-864, பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், பொலிஸ் அறிக்கை ஆகியவை கொடுக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனைக்குப் பின் கொழும்பில் நேர்முகம். 2024 ஏப்ரலில் மாற்றப்பட்ட கட்டணங்களின்படி இணையவழி ஐ-130க்கு 625 டொலர், விசாவுக்கு 325, நிதிப் பத்திரத்துக்கு 120, இறுதியில் குடிவரவுக் கட்டணம் 235. மொத்தம் 1,305 டொலர். மருத்துவச் செலவு தனி. கணவனின் வருமானம் வறுமைக் கோட்டின் 125 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. இருவர் கொண்ட குடும்பத்துக்கு 2025ஆம் ஆண்டுக் கணக்கில் அது 26,437 டொலர். விசாவில் நாட்டுக்குள் நுழையும்போது திருமணமாகி இரண்டு வருடம் ஆகியிருக்காவிட்டால் இரண்டு வருட நிபந்தனை அட்டைதான் கிடைக்கும். அது முடிய முந்திய 90 நாட்களுக்குள் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.

பொறுமையும் ஒழுங்கும் உள்ள எவராலும் இவ்வளவையும் செய்யலாம். கலியாணப் படங்கள், தொலைபேசிப் பதிவுகள், பணம் அனுப்பிய பற்றுச்சீட்டுகளைத் திகதிவாரியாக அடுக்கச் சட்டப் படிப்புத் தேவையில்லை. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பிறந்து வளர்ந்து, வாழ்நாளில் ஒரு பொலிஸ் நிலையப் படியும் ஏறாத ஒருவருக்கு அந்த 4,000 டொலர் வீண்செலவு என்றே நினைக்கிறேன்.

வன்னியில் வாழ்ந்த ஒருவருக்கு அதே படிவம் வேறு படிவம்.

விடுதலைப் புலிகளை அமெரிக்கா 1997 ஒக்டோபர் 8ஆம் திகதி வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. 2009 மே மாதத்துக்குப் பின்னும் அந்தப் பட்டியலில் இருந்து பெயர் நீக்கப்படவில்லை. குடிவரவுச் சட்டம், பட்டியலில் உள்ள அமைப்புக்குப் 'பொருள்சார் ஆதரவு' கொடுத்தவரை அனுமதிக்கத் தகுதியற்றவர் என்கிறது. பணம், போக்குவரத்து, தங்குமிடம், தொடர்பாடல் என்று அதன் பட்டியல் நீளம். 2001இலும் 2005இலும் வந்த சட்டங்கள் அதை இன்னும் அகலமாக்கின. அளவு சிறியது என்பதற்காக விலக்கு இல்லை. கட்டாயத்தில் கொடுத்தேன் என்பதற்காகவும் சட்டத்திலேயே எழுதப்பட்ட விலக்கு இல்லை. சிறு வயது என்பதற்கும் இல்லை.

மிகைப்படுத்தவில்லை. அமெரிக்கக் குடிவரவு மேன்முறையீட்டுச் சபையின் இரண்டு தீர்ப்புகளைப் பாருங்கள். 2016இல் வந்தது, மிரட்டலுக்குப் பயந்து ஃபார்க் இயக்கத்துக்குத் தன் கடைப் பொருட்களைக் கொடுத்த கொலம்பியப் பெண்ணின் வழக்கு. கட்டாயப்படுத்தப்பட்டது ஒரு விலக்கு அல்ல என்றது சபை. 2018இல் வந்தது, கெரில்லாக்கள் பிடித்து வைத்துச் சமைக்கவும் துப்புரவு செய்யவும் துணி துவைக்கவும் வைத்த எல் சல்வடோர் பெண்ணின் வழக்கு. சமைத்ததும் துவைத்ததும் பொருள்சார் ஆதரவே, அளவு பொருட்டல்ல என்றது பெரும்பான்மை.

இனி எங்கள் வீடுகளை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு இத்தனை என்று கட்டிக் கொடுத்த சாப்பாட்டுப் பார்சல். ஓமந்தையில் ஆயப்பகுதிக்குக் கட்டிய வரி. பாடசாலையில் தரப்பட்ட தற்காப்புப் பயிற்சி. பங்கர் வெட்டப் போன நாட்கள். வீட்டுக்கு ஒருவர் என்று வந்தபோது இழுத்துச் செல்லப்பட்ட பிள்ளை. 1990களின் தொடக்கத்தில் மீட்பு நிதிக்குக் கொடுத்த இரண்டு பவுண் கூட இருக்கிறது. அது பட்டியலிடலுக்கு முந்தியது என்பதால் தானாகத் தப்பிவிடாது, வேறு பிரிவின் கீழ் ஆராயப்படலாம். அந்த மண்ணில் உயிரோடு இருப்பதற்கான வாடகையாகவே இவற்றை எங்கள் ஆட்கள் நினைத்தார்கள். அந்தப் படிவத்தின் மொழியில் அதற்குப் பெயர் 'ஆதரவு'.

சித்தியின் மகளுக்கு இதில் மூன்று பொருந்தின. பார்சல், தற்காப்புப் பயிற்சி, 2008இல் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராத அண்ணன். "அண்ணாவைக் குடுத்ததும் உதவியெண்டோ எழுதோணும்?" என்று கேட்டாள். இல்லை, பலவந்தமாகக் கொண்டுபோனதைக் 'கொடுத்தோம்' என்று எழுதத் தேவையில்லை என்றேன். ஆனால் நானும் சட்டம் படித்தவள் இல்லை. அந்த இடத்தில் என் ஆங்கிலம் போதாது என்று எனக்கு விளங்கியது.

எங்கள் பக்கத்து முகவர்கள் இதற்கு ஒரே மருந்து வைத்திருக்கிறார்கள்: எல்லாவற்றுக்கும் 'இல்லை' போடு. இவளுக்கும் ஒருவர் அதைத்தான் சொல்லியிருக்கிறார், பணமும் வாங்கிக்கொண்டு. அது தவறான ஆலோசனை, காரணம் ஒழுக்கம் மட்டும் அல்ல. முக்கியமான விடயத்தில் வேண்டுமென்றே பொய் சொன்னது தெரியவந்தால் அதற்கென்றே வாழ்நாள் தடை உண்டு. அதற்கு ஐ-601 என்ற விலக்கு மனு இருந்தாலும், அமெரிக்காவில் உள்ள துணைக்கோ பெற்றோருக்கோ கடும் இன்னல் ஏற்படும் என்று நிறுவ வேண்டும். பொய் வெளிவர வழிகளும் பல. அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளும் குடிவரவுக் கைரேகைத் தகவல்களைப் பகிர்ந்துகொள்கின்றன. முன்பு அங்கே அகதி விண்ணப்பத்தில் "இயக்கம் என்னைப் பிடித்துச் சென்றது" என்று எழுதியவர் இங்கே 'இல்லை' போட்டால் இரண்டு தாள்களும் ஒரே மேசைக்கு வரலாம். புனர்வாழ்வு முடித்தவர்களின் கதை இன்னும் வெளிப்படை. அவர்களின் பெயர் அரச பதிவில் இருக்கிறது.

அப்படியானால் 'ஆம்' என்று எழுதினால் முடிந்ததா? முடியவில்லை. கட்டாயத்தின் பேரில் பட்டியலிட்ட அமைப்புகளுக்கு உதவியவர்களுக்கு 2007இலும், கட்டாயத்தில் படைப் பயிற்சி பெற்றவர்களுக்கு 2011இலும் நிர்வாக விலக்குக்கு வழி திறக்கப்பட்டது. ஆனால் அதற்குப் படிவமும் இல்லை, கட்டணமும் இல்லை. நீங்கள் கேட்டுப் பெறுவது அல்ல, அதிகாரிகள் தங்கள் விருப்புரிமையில் தருவது. ஆகவே அவர் கையில் இருக்கும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதே எல்லாம். யார் கேட்டார்கள், மறுத்தால் என்ன நடந்திருக்கும், தப்பிப் போக வழி இருந்ததா, எத்தனை முறை, அப்போது வயது என்ன. "ஆம், உதவினேன்" என்ற இரண்டு சொல்லுக்கும் ஒழுங்காக எழுதிய இரண்டு பக்கச் சத்தியக் கூற்றுக்கும் இடையில் ஒரு குடும்பத்தின் எதிர்காலம் கிடக்கிறது. சட்டத்தரணி தேவைப்படுவது அங்கேதான்.

இடையில் ஒன்று. அதே படிவம் சித்திரவதை, சட்டத்துக்குப் புறம்பான கொலை, இனப்படுகொலை பற்றியும் கேட்கிறது. 2020 பெப்ரவரியில் சவேந்திர சில்வாவுக்கு அமெரிக்கா நுழைவுத் தடை விதித்தது உண்மை. ஆனால் ஷெல் அடித்த படையணிகளின் சாதாரணச் சிப்பாய் அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிவிட்டுப் போவதற்கும், ஷெல்லுக்குள் பார்சல் கட்டிய பிள்ளை 'ஆம்' என்று எழுதி விளக்கம் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு எரிச்சலைத் தருகிறது.

ஏற்கெனவே அமெரிக்காவுக்குள் இருப்பவர்களுக்கு வேறு பொறி. மெக்சிக்கோ எல்லையைக் களவாகக் கடந்து, பிறகு பிரஜையைத் திருமணம் செய்தவர்கள் எங்கள் ஆட்களில் இருக்கிறார்கள். முறையான நுழைவு இல்லாதவர் பொதுவாக உள்ளிருந்தபடி ஐ-485 போட முடியாது. வெளியேறினால் பத்தாண்டுத் தடை விழக்கூடும். 2025 ஓகஸ்டில் வந்த வழிகாட்டலோ, திருமண மனு ஏற்கப்படுவது மட்டும் நாடுகடத்தலில் இருந்து காக்காது என்று எழுத்திலேயே நினைவூட்டுகிறது. அவர்கள் ஒரு படிவமும் தனியாக அனுப்பக்கூடாது.

முழுக் கோப்பையும் சட்டத்தரணியிடம் ஒப்படைக்கப் பணம் இல்லாவிட்டால், அந்தக் கேள்விகளுக்கு மட்டும் ஒரு ஆலோசனை நேரம் வாங்கலாம். அமெரிக்க நீதித் திணைக்களம் அங்கீகரித்த தொண்டு நிறுவனங்களில் குறைந்த கட்டணத்தில் பேச அனுமதி பெற்ற பிரதிநிதிகள் இருக்கிறார்கள். அவர்களின் பட்டியல் திணைக்களத்தின் இணையத்தில் உண்டு. அங்கே இருக்கும் கணவனோ மனைவியோ நேரில் போய்க் கேட்கலாம். போகும்போது சம்பவங்களைத் திகதியோடு தமிழில் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

இவளின் கணவன் அப்படித்தான் செய்தார். ஒரு மணி நேர ஆலோசனை, பிறகு கூற்றைத் திருத்தித் தர இன்னொரு சந்திப்பு. பார்சலும் பயிற்சியும் எழுதப்பட்டன. அண்ணனும் எழுதப்பட்டான், 'பலவந்தமாக' என்ற சொல்லோடு. சித்திக்கு அந்தப் பகுதியைத் தமிழில் வாசித்துக் காட்டியபோது திகதியை மட்டும் திருத்தினார். பிடித்தது வெள்ளிக்கிழமை இல்லை, வியாழனாம்.

கொழும்பு நேர்முகம் இருபது நிமிடம் போனது. கோப்பு மேலதிக பரிசீலனைக்குப் போகிறது என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கடவுச்சீட்டு அவளிடமே இருக்கிறது. நாளுக்கு இரண்டு தரம் இணையத்தில் நிலைமையைப் பார்க்கிறாள்.