திருச்சி டு சிங்கப்பூர்: ஒரே பை, மூன்று கணக்கு... கேபின் பேக் எடையில் எது சட்டம், எது கம்பெனி விதி?

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஸ்கூட், இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் என மூன்று நிறுவனங்களின் நேரடி விமானங்கள் பறந்து வந்திருக்கின்றன. தூரம் ஒன்றுதான், பயண நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கையில் எடுத்துப் போகும் பைக்கான கணக்கு மட்டும் மூன்று விதம்.

ஸ்கூட்டில் எகானமி பயணிக்கு ஒரு கேபின் பேக், ஒரு சின்னப் பை. இரண்டும் சேர்த்து 10 கிலோ. இண்டிகோவில் கேபின் பேக் 7 கிலோ, அதுபோக லேப்டாப் பை அல்லது ஹேண்ட்பேக் 3 கிலோ வரை. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் இரண்டு பை கொண்டுபோகலாம், ஆனால் இரண்டும் சேர்த்தே 7 கிலோ.

இப்போது ஒரு ட்ராலி பை 7 கிலோ, லேப்டாப் பை இரண்டரை கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு விமானங்களில் பிரச்னையே இல்லை. மூன்றாவதில் இரண்டரை கிலோ கூடுதல். அதே ஆள் ட்ராலியை எட்டரை கிலோவாக்கி, தோள் பையை ஒன்றரை கிலோவாகக் குறைத்தால்? ஸ்கூட்டில் ஓகே, இண்டிகோவில் நாட் ஓகே. மொத்த எடை 10 கிலோதான், இண்டிகோவின் கணக்கிலும் 7 கூட்டல் 3 பத்துதான். ஆனால் அங்கே பைக்குப் பை தனித்தனியாகப் பார்ப்பார்கள்.

காலி ட்ராலி பையே இரண்டரை, மூன்று கிலோ வரும். லேப்டாப், சார்ஜர் இரண்டும் சேர்த்து இன்னொரு இரண்டரை. ஆக 7 கிலோ கணக்கில் துணிமணிக்கு மிஞ்சுவது ஒன்றரை கிலோ. ஒரு ஜீன்ஸ், இரண்டு சட்டை வைத்தால் முடிந்தது கதை.

7 கிலோ என்பது சட்டமா?

பலரும் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

'ஒரு பயணிக்கு ஒரு கைப்பை' என்பது பாதுகாப்பு விதி. சிவில் விமானப் போக்குவரத்து பாதுகாப்பு அமைப்பான பிசிஏஎஸ், 2000-ம் ஆண்டிலேயே சுற்றறிக்கையாக வெளியிட்டது. ஆளுக்கு இரண்டு, மூன்று பை கொண்டுவந்தால் எக்ஸ்ரே வரிசை நகராது என்பதுதான் காரணம். பல வருடம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் இருந்த இந்த விதியை, 2022 ஜனவரியில் மறுபடி நினைவூட்டிக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தச் சொன்னார்கள். இதைப் பார்ப்பது சிஐஎஸ்எஃப். அவர்கள் கவனிப்பது பை எத்தனை, உள்ளே என்ன என்பதைத்தான். கிலோ கணக்கு அவர்களுடைய வேலை இல்லை.

எடையைத் தீர்மானிப்பது விமான நிறுவனம். டிக்கெட் புக் செய்யும்போது யாரும் படிக்காமல் 'ஐ அக்ரி' கொடுக்கிறோமே, அந்த நிபந்தனைகளுக்குள் இது இருக்கிறது. அதனால்தான் ஒரே ரூட்டில் மூன்று கணக்கு. எனவே 'செக்யூரிட்டியில் விட்டுட்டாங்களே, கேட்ல ஏன் பிடிக்கிறீங்க?' என்ற வாதம் எடுபடாது. இரண்டு இடத்திலும் பார்ப்பது வேறு வேறு விஷயம்.

எடை போடுவது யாருக்கு?

விதி எல்லோருக்கும் ஒன்று. ஆனால் தராசு எல்லோருக்கும் ஒன்றாக வருவதில்லை.

வெப் செக்-இன் செய்து, மொபைலில் போர்டிங் பாஸ் வைத்திருக்கும் உள்நாட்டுப் பயணியிடம் செக்-இன் லக்கேஜ் இல்லையென்றால், அவர் கவுன்ட்டர் பக்கமே போக வேண்டியதில்லை. நேராக செக்யூரிட்டி, அப்புறம் கேட். கேட்டில் யாராவது தராசு வைத்திருந்தால்தான் அவருடைய பை எடை ஏறும். பெங்களூருக்கு திங்கள்கிழமை காலை கிளம்பும் ஐடி ஊழியர் 9 கிலோ பையோடு வருடக்கணக்கில் மாட்டாமல் பறப்பது இப்படித்தான்.

வெளிநாட்டுப் பயணிக்கு அந்த வசதி பெரும்பாலும் இல்லை. விசா, பாஸ்போர்ட் சரிபார்க்க கவுன்ட்டருக்குப் போயாக வேண்டும். செக்-இன் பெட்டியும் இருக்கும். பெட்டி தராசில் ஏறும்போது, 'அந்தக் கைப்பையையும் வைங்க' என்று சொல்வது ஊழியருக்கு ஒரு வாக்கியம்தான். துபாய், ஷார்ஜா, கோலாலம்பூர், சிங்கப்பூர் போகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறையோ, இரண்டு வருடத்துக்கு ஒருமுறையோ ஊருக்கு வந்துவிட்டு, வீட்டில் கட்டிக்கொடுத்த பொடி, ஊறுகாய், முறுக்கோடு திரும்பிப் போகிற தொழிலாளிகள். அந்த இடத்தில் பெட்டியைத் திறந்து, எதை எடுப்பது எதை வைப்பது என்று தரையில் உட்கார்ந்து பிரிக்கும் காட்சி திருச்சி விமான நிலையத்துக்குப் புதிதல்ல. 2024 ஜூனில் திறந்த புது முனையத்தின் முகப்பில் கோபுர நிறங்கள் எல்லாம் பிரமாதம்தான். பை பிரிக்கும் காட்சி மட்டும் பழைய முனையத்திலிருந்து அப்படியே கூட வந்துவிட்டது.

உள்நாட்டைவிட வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் உள்ள விமான நிலையம் திருச்சி. அதனால் 'கறார்' என்பது இங்கே கொஞ்சம் அதிகமாகவே உணரப்படுகிறது.

எந்த டிக்கெட்டில் கறார் கூடும்?

கறாருக்கும் டிக்கெட்டின் வகைக்கும் தொடர்பு உண்டு. ஸ்கூட், ஏர் ஏசியா போன்ற நிறுவனங்களின் அடிப்படை டிக்கெட்டில் செக்-இன் லக்கேஜ் கிடையாது. வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இந்தியாவிலும் 2021 பிப்ரவரியில், செக்-இன் லக்கேஜ் இல்லாத பயணிக்குக் கட்டணத்தைக் குறைத்து விற்கலாம் என்று டிஜிசிஏ அனுமதி கொடுத்தது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் 'எக்ஸ்பிரஸ் லைட்' அந்த ரகம். முன்கூட்டியே பதிவு செய்தால் கேபின் எடையில் 3 கிலோ கூடுதலாகத் தருகிறார்கள்.

லக்கேஜை சரக்காக விற்கும் நிறுவனத்துக்கு, கேபினில் ஓசியில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் விற்காமல் போன கிலோ. அங்கே தராசு அடிக்கடி வெளியே வரும் என்று எதிர்பார்ப்பது நியாயம். மாறாக, வளைகுடா ரூட்டில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 2025 ஜனவரியில் செக்-இன் அளவை 30 கிலோ ஆக்கியது. அங்கே கைப்பை பாரமாக இருந்தால், அதில் இருப்பதைப் பெட்டிக்கு மாற்றிக்கொள்ள இடமாவது உண்டு.

இந்தக் கிலோக்களுக்குத் திருச்சியில் வேறு ஒரு மார்க்கெட்டும் இருப்பது ஊரறிந்த விஷயம். கூலிக்குச் சாமான் கொண்டுபோய் வரும் 'குருவிகள்'. 'உங்ககிட்ட வெயிட் இருக்கா? இந்தப் பையை மட்டும் கொண்டு வந்துடுங்க' என்று வரிசையில் கேட்கும் முகம் தெரியாத ஆளிடம் பரிதாபப்பட வேண்டாம். சுங்கச் சோதனையில் பை யார் கையில் இருக்கிறதோ, பதிலும் அவர்தான் சொல்ல வேண்டும்.

ஸ்ரீநகரில் நடந்தது என்ன?

எடைப் பிரச்னை எங்கே போய் முடியும் என்பதற்கு 2025 ஜூலை 26 ஓர் உதாரணம். ஸ்ரீநகரிலிருந்து டெல்லி செல்லும் ஸ்பைஸ்ஜெட் விமானத்தின் கேட்டில், ஒரு ராணுவ அதிகாரி இரண்டு பைகளோடு வந்தார். மொத்தம் 16 கிலோ என்றது நிறுவனம். கூடுதலுக்குக் கட்டணம் கேட்டதும் தகராறாகி, நான்கு ஊழியர்கள் தாக்கப்பட்டனர். ஒருவருக்கு முதுகெலும்பில் எலும்பு முறிவு என்று நிறுவனம் தெரிவித்தது. வழக்கு பதிவானது. ஆகஸ்டில் வீடியோ வெளியானபோது நாடே பார்த்தது.

கேட்டில் தராசோடு நிற்பவர் விதியை எழுதியவர் அல்ல. பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் கிரவுண்ட் ஸ்டாஃப். விட்டால் மேலதிகாரி கேட்பார், பிடித்தால் பயணி கத்துவார். ஐரோப்பாவின் ரயன்ஏர் இன்னும் ஒரு படி மேலே போய், அளவு மீறிய பையைப் பிடிக்கும் ஊழியருக்குக் கொடுக்கும் ஊக்கத்தொகையை ஒன்றரை யூரோவிலிருந்து இரண்டரை யூரோவாக 2025-ல் உயர்த்தியது. விதி பாதுகாப்புக்கா, வருமானத்துக்கா என்ற சந்தேகத்துக்கு இதைவிட நேரான பதில் கிடைக்காது.

அப்போ பாதுகாப்பு காரணம் எல்லாம் சும்மாவா?

முழுக்க சும்மா இல்லை. தலைக்கு மேலே இருக்கும் பெட்டிகளுக்குத் தாங்கும் எடை வரம்பு உண்டு. திடீரென விமானம் குலுங்கும்போது 12 கிலோ பை தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இண்டிகோவின் சின்ன ஏடிஆர் விமானத்தில் 78 இருக்கைகள்தான். மேலே உள்ள பெட்டியும் சின்னது. பெரிய ட்ராலியை ஏறும்போதே வாங்கி டேக் போட்டு சரக்கறைக்கு அனுப்பிவிடுவார்கள்.

விமானத்தின் மொத்த எடையும் முக்கியம். 186 பேர் செல்லும் ஏர்பஸ் ஏ320-ல் ஆளுக்கு 3 கிலோ கூடினால் 558 கிலோ. இது கணக்கில் வராத எடை. பயணியின் எடையை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை, கைப்பையோடு சேர்த்து ஒரு சராசரியை வைத்துக்கொள்கிறார்கள். ஐரோப்பிய விதியில் பெரியவருக்கு அது 84 கிலோ. சராசரி சரிதானா என்று பார்க்க, ஃபின்ஏர் நிறுவனம் 2024 பிப்ரவரியில் ஹெல்சின்கியில் விருப்பப்பட்ட பயணிகளை கைப்பையோடு தராசில் ஏற்றியது.

ஆனால், காசு கட்டியதும் அதே பை அதே கேபினுக்குள் போக முடிகிறது என்றால், பிரச்னை எடையில் இல்லை என்று பயணி நினைப்பதில் தப்பும் இல்லை. பையைச் சரக்கறைக்கு அனுப்பினால் அது பாதுகாப்பு, ரசீது மட்டும் கிழித்தால் அது வியாபாரம்.

இந்த விவாதத்தில் ஐரோப்பா கொஞ்சம் முன்னே போயிருக்கிறது. நியாயமான எடை, அளவுக்குள் இருக்கும் கைப்பைக்குத் தனிக் கட்டணம் கேட்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014-ல் சொன்னது. அதை மேற்கோள் காட்டுபவர்கள் அதிகம், 'நியாயமான' என்றால் எவ்வளவு என்று சொன்னவர்கள் குறைவு. 2024 நவம்பரில் ஸ்பெயின், ரயன்ஏர் உள்ளிட்ட ஐந்து நிறுவனங்களுக்கு 17.9 கோடி யூரோ அபராதம் போட்டது. நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. 2025 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் போக்குவரத்துக் குழு, இலவச கைப்பைக்கு ஆதரவாக வாக்களித்தது. அங்கேயும் பேசப்பட்ட எடை 7 கிலோதான்!

தராசுக்கும் சட்டம் உண்டு

பலருக்குத் தெரியாத ஒரு பாயின்ட். எடை பார்த்துக் காசு வாங்கும் எந்தத் தராசும், 2009-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி சரிபார்த்து முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் நிறுக்கும் தராசுக்கு என்ன விதியோ, அதே விதிதான் ஏர்போர்ட் தராசுக்கும். 7.4 கிலோ என்று காட்டினால், முத்திரை எங்கே என்று பார்க்கவும், வேறு தராசில் இன்னொரு முறை வைக்கச் சொல்லவும் தயங்க வேண்டாம். பொறுமையாகக் கேளுங்கள், அது முக்கியம்.

ஸ்ரீரங்கம் போய்விட்டு அப்படியே ஃப்ளைட் பிடிப்பவர்களுக்கு

பெருமாளைச் சேவித்துவிட்டு மஞ்சப்பையில் பிரசாதத்தோடு விமான நிலையம் வருபவர்கள் மார்கழியில் நிறைய. லட்டு, அதிரசம், தேன்குழலுக்குப் பிரச்னை இல்லை. ஆனால் அந்த மஞ்சப்பை, எண்ணிக்கையில் இன்னொரு பை. கேபின் பேக்குக்குள் வைத்துவிடுவது நல்லது. அர்ச்சனைத் தேங்காயைக் கேபினில் விட மாட்டார்கள். சபரிமலை இருமுடிக்கு மட்டும் 2024 அக்டோபரில் தற்காலிக விலக்கு கொடுத்தார்கள், அது 2025 ஜனவரி 20-ம் தேதியோடு முடிந்தது. கொப்பரையை செக்-இன் பெட்டியிலும் வைக்கக் கூடாது. எண்ணெய்ப் பசை உள்ளதால் தீப்பிடிக்கும் பொருள் பட்டியலில் இருக்கிறது.

கேட்டில் பையை வாங்கி டேக் போட்டால், அதைக் கொடுப்பதற்கு முன் பவர் பேங்கை எடுத்துவிடுங்கள். அது சரக்கறைக்குப் போகவே கூடாது, கேபினில் மட்டும்தான். மருந்து, பாஸ்போர்ட், லேப்டாப், நகையும் அப்படியே கையில். எடை மீறும் என்று வீட்டிலேயே தெரிந்தால், ஆப்பில் முன்கூட்டியே கிலோ வாங்குங்கள். கவுன்ட்டர் விலையைவிட அது குறைவு.

தவறாக வசூலித்துவிட்டார்கள் என்று தோன்றினால், தராசில் தெரியும் எண்ணைப் போட்டோ எடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் நிறுவனத்திடம் புகார், அடுத்து மத்திய அரசின் 'ஏர்சேவா' தளம். அதிலும் பதில் இல்லையென்றால் நுகர்வோர் ஆணையம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் குருகிராமில் இருந்தாலும் பரவாயில்லை. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்கு போடலாம். ஸ்ரீரங்கத்துக்காரர் திருச்சி மாவட்ட ஆணையத்துக்குப் போனால் போதும். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. ஆன்லைனில் 'இ-ஜாக்ரிதி' தளத்திலும் மனு தாக்கல் செய்யலாம்.