மூணு மாசம் யாருகிட்டயும் சொல்லாதே!

தமிழ் சினிமாவில் கர்ப்பம் என்றால் ஒரே ஒரு வாந்தி. கதாநாயகி வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவாள், பாட்டி கையைப் பிடித்து நாடி பார்ப்பாள், வீடே சிரிக்கும், யாராவது ஸ்வீட் நீட்டுவார்கள். அடுத்த காட்சியில் ஏழாம் மாசம், கை நிறைய வளையல். நடுவில் இருந்த மாதங்கள் எங்கே போயின? இயக்குநருக்குத் தெரியாது. இயக்குநருக்கு மட்டுமா தெரியாது?

திருவெறும்பூரிலிருந்து காலையில் சத்திரம் போகிற டவுன் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, ரொம்ப நல்ல விஷயம். உட்கார இடமும் கிடையாது, அது வேறு விஷயம். என்.எஸ்.பி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிற பெண் அதில் நிற்கிறாள், அவளுக்கு இரண்டரை மாதம் என்று வைத்துக்கொள்வோம். விடிவதற்கு முன்பே எழுந்து வீட்டில் இருக்கிறவர்களுக்குச் சோறு வடித்துக் குழம்பு தாளித்துவிட்டு வந்திருக்கிறாள். கஞ்சி வாசத்துக்கு ஒரு முறை, தாளிப்புக்கு ஒரு முறை என்று ஏற்கெனவே இரண்டு தடவை ஆகிவிட்டது. பஸ் அரியமங்கலம் குப்பைக்கிடங்கைத் தாண்ட வேண்டும். (வருஷக்கணக்கில் அந்த நாற்றத்தையும் புகையையும் சகித்த திருச்சிக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை.) அப்புறம் காந்தி மார்க்கெட், வெங்காயமும் அழுகின காய்கறியும். பாதி வழியில் இறங்கி ரோட்டோரம் குனிந்துவிட்டு, அடுத்த பஸ் பிடித்துப் போனால் லேட். சூப்பர்வைசர் ஏன் என்று கேட்டால் அவள் சொல்கிற பதில்: "பித்தம் சார்."

ஏன் பித்தம்? மூன்று மாதம் முடிகிற வரைக்கும் வெளியே சொல்லக்கூடாது, கண்ணு பட்டுடும்!

இந்த வழக்கத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மசக்கை பெரும்பாலும் ஆறாவது வாரத்தை ஒட்டித் தொடங்குகிறது. ஒன்பதாவது வாரத்தில் உச்சம். நிறைய பேருக்கு 14 முதல் 16 வாரத்துக்குள் தணிந்துவிடுகிறது. அதாவது எந்த மாதங்களில் உடம்பு படுத்துகிறதோ, அதே மாதங்களில்தான் வாயைத் திறக்கக்கூடாது. சொல்ல அனுமதி கிடைக்கும்போது சொல்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. பிறகு ஏழாம் மாதம் ஊரைக் கூட்டி வளைகாப்பு, வகைவகையாகக் கலந்த சாதம். தண்ணீர்கூட உள்ளே நிற்காத நாட்களில் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லை, நன்றாகச் சாப்பிட முடிகிற காலத்தில் புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர்!

வழக்கத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. கரு கலைவதில் பெரும்பங்கு முதல் 12 வாரத்துக்குள்தான் நடக்கிறது. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு அப்புறம் ஒவ்வொருவராகத் துக்கம் விசாரிக்க வருவதைத் தாங்குவது கஷ்டம். சரி, ஊருக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் வேலை வாங்குகிறவருக்கும் கூடவே சாப்பிடுகிறவர்களுக்குமா மறைக்க வேண்டும்? அரசாங்கமோ 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய் என்கிறது. கிராம சுகாதார செவிலியருக்குத் தெரிந்த செய்தி கடை சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் கண் பட்டுவிடுமா?

சரி, வீட்டில் சொல்லியாயிற்று. அடுத்து வருகிறது அந்தப் புகழ்பெற்ற வசனம்: "நாங்கள்லாம் பெத்துக்கலையா?"

பெற்றீர்கள் அம்மா, மறுக்கவில்லை. கர்ப்பிணிகளில் பத்துக்கு ஏழு பேருக்காவது குமட்டலோ வாந்தியோ வருகிறது, பெரும்பாலானவர்கள் சமாளித்து எழுந்துவிடுகிறார்கள். ஆனால் நூற்றில் ஒருவர் இருவருக்கு அது மசக்கை என்ற சொல்லுக்குள் அடங்காது. உடம்பு எடையில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் இறங்கிவிடும், சிறுநீர் நின்றுபோகும், உப்புச்சத்துக் குறையும். ஹைபரெமிசிஸ் என்று டாக்டர்கள் பெயர் வைத்திருக்கிற இந்த நோயையும் "திமிர்", "வேலைக்குச் சாக்கு", "மனசுதான் காரணம்" என்று தள்ளுகிறோமே, அதுதான் அக்கிரமம்.

இது நம்மூர் மாமியார்களின் தனிச்சொத்தும் இல்லை. அமெரிக்க ஆராய்ச்சியாளர் மார்லினா ஃபெய்சோ 1999-இல் இதே நோயில் விழுந்தார். கவனத்தை ஈர்க்கத்தான் வாந்தி எடுக்கிறாய் என்கிற மாதிரி அவருடைய டாக்டரே பேசினார். 15-வது வாரத்தில் அந்தக் குழந்தை போய்விட்டது. அந்த அம்மாள் காரணத்தைத் தேடிக் கிளம்பினார். 2023 டிசம்பரில் கேம்பிரிட்ஜின் ஸ்டீபன் ஓரஹிலி குழுவும் அவரும் சேர்ந்து 'நேச்சர்' இதழில் பதில் வெளியிட்டார்கள். கருவும் நஞ்சுக்கொடியும் சுரக்கிற ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோன் மூளையில் குமட்டலைத் தூண்டுகிறது. கர்ப்பத்துக்கு முன்பு அது ரத்தத்தில் குறைவாக இருந்தவர்களின் உடம்புக்குப் பழக்கம் இல்லாததால் அடி பலமாக விழுகிறது. இதில் திமிர் எங்கே வந்தது?

அடுத்த தடை மாத்திரை. "வயித்துப் புள்ளைக்கு ஆகாது." இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, மசக்கைக்கும் கொடுக்கப்பட்டு, கை கால் வளராத ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பிறக்கவைத்தது. 1961 கடைசியில்தான் அங்கே நிறுத்தினார்கள். ஆனால் அந்தப் பாவத்தை எல்லா மாத்திரைகள் மேலும் ஏற்றுவது சரியில்லை. டாக்சிலமைனும் பி6 வைட்டமினும் சேர்ந்த மாத்திரையை அமெரிக்காவில் 1983-இல் கம்பெனியே நிறுத்தியது. கெடுதல் நிரூபணமாகவில்லை, வழக்குச் செலவு தாங்கவில்லை. ஆராய்ச்சிகள் அதன்மேல் பழி இல்லை என்று காட்ட, 2013-இல் அதே சேர்க்கைக்கு மறுபடி அனுமதி கிடைத்தது. நம்மூர் டாக்டர்களும் எழுதித் தருகிற மாத்திரைதான் அது. டாக்டர் எழுதிய சீட்டை வாங்கி, வீட்டுக்கு வந்து அலமாரியில் வைத்துவிட்டு இஞ்சிச் சாறு கொடுக்கிற வீடுகள் உண்டு. இஞ்சி லேசான குமட்டலுக்குக் கொஞ்சம் கேட்கும். பொரி, பொட்டுக்கடலை, ரஸ்க் என்று அடிக்கடி கொஞ்சமாகச் சாப்பிடுவதும் நல்லது. நாள் முழுக்கத் தண்ணீர் நிற்காதவளுக்கு அதெல்லாம் போதாது.

இன்னொரு கூத்து, "ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்துனா சரியாயிடும்." வாரக்கணக்கில் சாப்பாடு நிற்காத உடம்பில் பி1 வைட்டமின் தீர்ந்துபோயிருக்கும். அதை முதலில் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். ஆகவே எத்தனை நாளாக வாந்தி, எத்தனை கிலோ இறங்கியது என்று டாக்டரிடம் பச்சையாகச் சொல்ல வேண்டும். "பித்தம்" அங்கேயும் வரக்கூடாது.

இந்த ஊருக்கு இதையெல்லாம் புதிதாகச் சொல்லித்தர வேண்டுமா? எறும்பாக வந்த தேவர்கள் ஏறுவதற்கு வசதியாகச் சாய்ந்து கொடுத்தார் எறும்பீஸ்வரர் என்பது திருவெறும்பூர் மலைக்கோயில் கதை. காவிரி வெள்ளத்தில் அக்கரையில் மாட்டிக்கொண்ட தாய்க்குப் பதிலாக, ரத்னாவதிக்குப் பிரசவம் பார்க்கத் தாயாகவே வந்தார் தாயுமானவர் என்பது மலைக்கோட்டைக் கதை. இந்த இரண்டு மலைக்கும் நடுவில் ஓடுகிற பஸ்ஸில்தான் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

கடையிலும் நிற்கிறாள். ஊழியர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டத்தையே திருத்தியது. நாற்காலி வந்தாலும் அதில் உட்கார்ந்தவளை முதலாளி பார்க்கிற பார்வைக்குத் திருத்தம் வரவில்லை.

விடுப்பு? 2017 திருத்தத்தில் பேறுகால விடுப்பு 26 வாரமானது, எல்லோரும் கைதட்டினோம். அதில் பிரசவத்துக்கு முன்னால் எடுக்கக்கூடியது அதிகபட்சம் 8 வாரம். மூன்றாம் மாதத்தில் துவண்டு கிடப்பவளுக்கு அதில் ஒரு நாள்கூட உதவாது. ஆனால் 1961 பேறுகாலச் சட்டத்தின் 10-வது பிரிவை எத்தனை பேர் படித்திருக்கிறார்கள்? கர்ப்பத்தால் வருகிற நோய்க்கு, தனியாக ஒரு மாதம் வரை, சம்பளத்தோடு விடுப்பு. அந்தச் சட்டத்தை உள்ளடக்கிய 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு உண்டு, இ.எஸ்.ஐ.-யிலும் உண்டு. கேட்கிறவர்கள் இல்லை, நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறவர்களும் இல்லை. தேவைப்படுவது டாக்டர் சான்றிதழ், அதில் கர்ப்பத்தால் வந்த நோய் என்று இருக்க வேண்டும். பித்தம் என்று எழுதிக் கொடுத்தால் அந்த ஒரு மாதம் கிடைக்காது.