டிரா என்று எழுந்து போகலாமா?



தாம்பரம் – பீச் மின்சார ரயிலானாலும் சரி, கேன்டீன் பெஞ்சானாலும் சரி, செஸ் ஆடும்போது நம்ம பசங்க அடிக்கடி சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. “விடு மச்சி, டிரா!” பலகையில் கொஞ்சம் சிக்கல் வந்தால் போதும், எழுந்து விடுகிறோம். என் கருத்து இதுதான்: ஆட்டம் சிக்கிக்கொண்ட இடத்தில்தான் ஆடுகிறவனின் உண்மையான வேலையே ஆரம்பிக்கிறது.

சற்று யோசித்துப் பாருங்கள். நகர வழியில்லாமல் மாட்டிக்கொள்வது பல ஆட்டங்களில் வரும். ஆனால் தீர்ப்பு ஒன்றல்ல. நம்ம ஆடு புலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு. புலிகள் அடைபட்டால் புலிக்குத் தோல்வி. செஸ்ஸில் செக்கும் இல்லை, நகர்த்தக் காயும் இல்லை என்றால் ஸ்டேல்மேட், ஆளுக்கு அரைப் புள்ளி. சீனாவில் பிறந்து, ஜப்பானியர் ‘இகோ’ என்று அழைக்கும் ஆட்டத்திலோ கறுப்புக் கூட்டமும் வெள்ளைக் கூட்டமும் பின்னிக்கொண்டு நிற்கும். முதலில் உள்ளே கை வைக்கிறவர் கூட்டம்தான் சாகும். எனவே இருவரும் தொடமாட்டார்கள், இரண்டுமே பிழைக்கும். இதற்குப் பெயர் ‘செக்கி’. மாட்டிக்கொள்வது ஒன்றுதான். ஆனால் ஒரு ஆட்டத்தில் அது தோல்வி, ஒன்றில் பாதி, இன்னொன்றில் உயிர்!

அதே ஆட்டத்தில் ‘கோ’ என்று ஒரு விதி. எதிராளி உங்கள் ஒரு காயை வெட்டினார். நீங்கள் அவர் காயைத் திரும்ப வெட்டலாம், அவர் மறுபடி உங்களுடையதை வெட்டலாம், இப்படியே விடியும்வரை போகும். அதனால் உடனே திரும்ப வெட்டக் கூடாது. வேறு இடத்தில், எதிராளி பதில் சொல்லியே ஆக வேண்டிய ஒரு காயை வைத்துவிட்டுத் திரும்பி வர வேண்டும்.

இதை ஏன் சொல்கிறேன்? கணக்கில் ஒரு அரியர் விழுந்ததும் காலேஜுக்கே வராமல் நின்றுவிடும் நண்பர்களை நாம் பார்க்கிறோம். எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். அரியர் என்றால் என்னவென்று வீட்டில் விளக்கினால், “அப்போ பெயிலாப்பா?” என்றுதான் அம்மா கேட்பார்கள். புலி அடைபட்ட கணக்குதான் அவர்களுக்குத் தெரியும். ஆனால் அரியர் என்பது ‘கோ’ மாதிரி. அங்கேயே முட்டிக்கொண்டு நிற்காமல், மற்ற பேப்பர்களை முடித்துவிட்டுத் திரும்பி வந்து எடுக்கலாம்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக செஸ் போட்டியின் 14-வது, கடைசி ஆட்டம். நம்ம சென்னை குகேஷுக்கு அப்போது வயது 18. இருவருக்கும் தலா ஆறரைப் புள்ளி. குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம், ஆனாலும் டிரா ஆக வேண்டிய நிலைதான். குகேஷ் எழுந்து போகவில்லை, ஆடிக்கொண்டே இருந்தார். 55-வது நகர்த்தலில் டிங் லிரென் யானைக்கு யானை மாற்ற முன்வந்தார். அவருடைய பிஷப்போ a8 மூலையில். குகேஷ் யானையை வெட்டிவிட்டு, மூலையிலிருந்து வெளியேறும் ஒரே கோட்டில் தன் பிஷப்பை நிறுத்தினார். பிஷப்புகளும் வெட்டுப்பட்டன. மிச்சம் ராஜாவும் சிப்பாயும்தான். 58-வது நகர்த்தலோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

“அவர் கதை வேற, நம்ம கதை வேற” என்பீர்கள். உண்மைதான். அவருடைய அப்பா டாக்டர், மகனோடு போட்டிகளுக்குப் போக வேலையையே நிறுத்தி வைத்தார். நம்ம அப்பா ஒரு வாரம் லீவு போட்டால் அடுப்பு எரியாது. ஆகவே குகேஷ் மாதிரி ஆகுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த 55-வது நகர்த்தல் வரை உட்கார்ந்திருக்கக் காசு வேண்டாம்.

நம் மாணவர் சங்க அறையில் நாலு செஸ் பலகை வாங்கிப் போட வேண்டும் என்பது என் கோரிக்கை. அதுவரை சாக்பீஸும் புளியங்கொட்டையும் இருந்தால் ஆடு புலி ஆடலாம். வராமல் நின்றுவிட்ட நண்பனையும் ஒரு ஆட்டத்துக்கு என்று சொல்லிக் கூப்பிடுங்கள். வந்து உட்காரட்டும், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.