தொண்டை நோவும் இருதய வால்வும்

பிப்ரவரி 3ஆம் நாள், புனித பிளேசியார் திருநாளில், குருவானவர் இரு மெழுகுதிரிகளைச் சிலுவை வடிவில் கழுத்தருகே வைத்துத் தொண்டையை மந்திரிப்பதை நம்மில் பலர் அறிவோம். ஆயினும் வீட்டில் பிள்ளைக்குத் தொண்டை நொந்தால், உப்பு நீரில் கொப்பளிக்கச் சொல்லி மறுநாளே பள்ளிக்கு அனுப்பிவிடுகிறோம். பெரும்பாலும் அது தானே ஆறிவிடும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் வரும் நோவு மட்டும் அப்படியன்று.

அக்கிருமியின் கூறுகள் சில இருதயத் திசுக்களை ஒத்திருக்கின்றன. ஆகவே கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் காப்பாற்றல், சில பிள்ளைகளிடம், தன் உடலையே பகையென மயங்கித் தாக்குகிறது. இரண்டு மூன்று வாரங்கழித்துக் காய்ச்சல்; இன்று முழங்கால் வீங்கினால் நாளை கணுக்கால், பின்பு மணிக்கட்டு. இதுவே ருமாட்டிக் காய்ச்சல். 5 முதல் 15 வயதினரையே மிகுதியும் பற்றுவது. மூட்டுவலி சுவடின்றி மறையும். 'வளருகிற பிள்ளையின் கால்வலி' என்று பெற்றோரும் ஆறுதல் கொள்வர். வால்வில் விழுந்த வடுவோ தங்கிவிடக்கூடும். ஆண்டுகள் பல கழித்து, மலைக்கோட்டைப் படியேறுகையில் மூச்சிரைப்பாகவோ, பெண்களாயின் பேறுகாலத்திலோ அது வெளிப்படும்.

நோவு தொடங்கி 9 நாட்களுக்குள் பென்சிலின் கொடுத்தால் இக்காய்ச்சலைத் தடுக்கலாம். காய்ச்சல் வந்துவிட்டாலோ, 21 நாட்களுக்கு ஒருமுறை பென்சதைன் பென்சிலின் ஊசி. ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல், வால்வு கெட்டிருப்பின் 40 வயது வரையிலும்கூட. இங்கேதான் நம் குடும்பங்கள் தளர்கின்றன. ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் கடந்து புத்தூர் அரசு மருத்துவமனைக்குச் சென்று திரும்புவதற்குள் அன்றைய கூலி போய்விடும், ஊசியோ கடுமையாக வலிப்பது, பிள்ளையோ ஓடியாடுகிறது. ஆகவே நிறுத்திவிடுகின்றனர். மறுபடி அக்கிருமி தொண்டையைப் பற்றினால் மறுபடி காய்ச்சல், வால்வுக்கு மேலும் சேதம். 21 நாள் என்பது சரியாக மூன்று வாரம். சனிக்கிழமை தொடங்கினால் என்றும் சனிக்கிழமையே. முதல் வெள்ளியை மறவாத தாய்மாருக்கு இக்கணக்கு கடினமா என்ன?

வால்வு முற்றும் கெட்டால் அறுவைச் சிகிச்சைதான். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில், டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் உருவான செயற்கை வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. அயல்நாட்டு வால்வின் விலை ஏழைகளுக்கு எட்டாதிருந்த காலம் அது. ஆனால் அத்தகைய வால்வைப் பெற்றவர், இரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுதும் மாத்திரை உண்ண வேண்டும்.

இருமலும் சளியுமின்றி, காய்ச்சலும் கழுத்தில் நெறிகட்டலும் சேர்ந்த தொண்டை நோவென்றால், தீவிலுள்ளோர் ஸ்ரீரங்கம் அரசு மருத்துவமனையிலேயே காட்டலாம். அதற்குப் பாலம் கடக்க வேண்டியதில்லை. பென்சிலின் ஒவ்வாத பிள்ளைக்கு மாற்று மருந்து உண்டு. அதனை மருத்துவரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.