குதிரைச் சவாரிக்கு ஏற்ற உள்ளுடை

சில மாதங்களுக்கு முன்னர் நம் விற்பனை நிலையத்தில் நிகழ்ந்த சிறு சம்பவம் ஒன்றை அங்கத்தினர்களின் கவனத்திற்குக் கொண்டுவருவது என் கடமையெனக் கருதுகிறேன். காவல் துறையின் குதிரைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர், பயிற்சிக் காலத்தில் அணிவதற்கென்று அரை டஜன் உள்ளுடை கேட்டு வந்தார். நிலையத்திலிருந்தவர், "சுத்தப் பருத்தி, தம்பி; உடம்புக்கு இதைவிட உகந்தது வேறில்லை" என்று கூறி, தடித்த நூலில் நெய்த துணியில் தைத்த அரைக்கால் டிராயர்களை எடுத்துக் கொடுத்தார். மூன்று வாரம் சென்று அவ்விளைஞர் திரும்பி வந்தார். உள்தொடை இரண்டும் தோலுரிந்து, காலை அகற்றி வைத்தே நடக்கும் நிலையில் இருந்தார். பணத்தைத் திருப்பிக் கேட்க அவர் வரவில்லை. "வேறு எதை வாங்கலாம், சொல்லுங்கள் ஐயா" என்றுதான் கேட்டார். பருத்தி விளைவிப்போரும் நெய்வோரும் கூடி நடத்தும் கடையில், அந்தக் கேள்விக்கு ஒருவரிடமும் விடை இல்லை.

உள்ளுடையைக் குறித்துப் பொதுவில் எழுதுவதா என்று கூச்சப்படுவோர் நம்மில் உண்டு. துணி நெய்து பிழைக்கும் நமக்கு இவ்விஷயத்தில் கூச்சம் பொருந்தாது. நாம் நெய்வதில் பெரும்பகுதி பிறர் கண்ணில் படாத இடத்தில்தான் உழைக்கிறது.

குதிரை மேல் அமர்வதை நாற்காலியில் அமர்வதைப் போன்றதென்று எண்ணிவிடலாகாது. நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட துள்ளோட்டத்தில், குதிரையின் தாளத்திற்கேற்ப ஏறுபவர் அங்கவடியில் ஊன்றி எழுந்தெழுந்து அமர வேண்டும். நிமிடத்துக்கு எழுபது எண்பது முறை என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத் துள்ளோட்டத்தில் 4,000 முறைக்கு மேல் ஆகிறது. அத்தனை முறையும் உடலின் பாரம் இடுப்பின் அடியிலுள்ள இரண்டு எலும்பு முனைகளில் இறங்கி எழுகிறது. உள்தொடையின் தோல் சேணத்தை உரசி மீள்கிறது. இவற்றினிடையே ஒரு தையல் முடிச்சு அகப்பட்டால் அதன் கதி என்ன, தோலின் கதி என்ன என்பதை நான் விவரிக்க வேண்டுவதில்லை. இதனுடன் வியர்வை சேர்கிறது. ஈரமான தோலில் துணியின் உராய்வு உலர்ந்த தோலில் இருப்பதைவிட அதிகம். வியர்வை உலர உலர அதிலுள்ள உப்பு துணியில் தங்கி, மணலைப் போல் அராவுகிறது.

இவ்வளவும் தெரிந்த பின்னர், இளைஞரின் தொடையைக் கெடுத்தது எதுவென்று அந்த டிராயரைப் புரட்டிப் பார்த்தேன். நான்கு துண்டுகளும் கவட்டில் ஒரே புள்ளியில் வந்து கூடுகின்றன. அவ்விடத்தில் எட்டு மடிப்புத் துணி! விரல் வைத்துத் தடவினால் ஒரு புளியங்கொட்டை தட்டுப்படுவது போலிருந்தது. பாரம் இறங்கும் இடமும் அதுவே, உரசும் இடமும் அதுவே. தைத்தவர் மீது குற்றமில்லை. கடையில் நிற்பவருக்கும் வயலில் நிற்பவருக்கும் அத்தையல் ஒரு தீங்கும் செய்யாது. குதிரை ஏறுபவரை நினைத்து அதை எவரும் வெட்டவில்லை என்பதே உண்மை.

குதிரை ஏறுபவரை நினைத்து நெய்த உடை ஒன்று மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்று அறிந்தால் நெசவாளர்கள் மகிழ்வார்கள். சீனத்தின் வடமேற்கில் துர்பான் பள்ளத்தாக்கிலுள்ள யாங்ஹாய் என்னும் இடத்தில், பழைய கல்லறைகளிலிருந்து கம்பளிக் காற்சட்டைகள் கிடைத்துள்ளன. 2014-ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சியின்படி அவை கி.மு. 13-ஆம் நூற்றாண்டுக்கும் 10-ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. இன்று நமக்குத் தெரிந்த காற்சட்டைகளில் மிகப் பழையவை. அவற்றில் ஒன்றுகூடத் துணியை வெட்டித் தைத்ததன்று. கால்களுக்கு இரண்டு துண்டு, கவட்டிற்கு ஒரு துண்டு என மூன்றையும் வேண்டிய அளவிலேயே தறியில் நெய்து எடுத்து, பிறகு இணைத்திருக்கிறார்கள். கவட்டுத் துண்டு நடுவில் அகன்று, இரு முனையிலும் படிப்படியாகக் குறுகிச் செல்கிறது. அதனால் கால்களை எவ்வளவு அகற்றினாலும் துணி இழுபடுவதில்லை. தையல்களும் அமரும் இடத்தை விட்டு விலகிச் செல்கின்றன. உடலுக்கு இழுத்தால் சற்றுக் கொடுக்கும் ட்வில் நெசவு. முழங்காலுக்கு வேறு நெசவில் தடித்த துணி. அந்த நெசவாளருக்குக் குதிரையும் தெரிந்திருக்கிறது, தறியும் தெரிந்திருக்கிறது. கவட்டில் ஒரு துண்டைத் தனியே வைப்பதற்கு இன்று நம் தையற்கூடங்களில் சோம்புகிறார்கள் என்றால், அது நூல் விலையால் அன்று.

ஆகையால் வாங்குபவருக்கு நான் முதலில் சொல்வது, உடையை உள்புறம் வெளியே வரும்படி திருப்பிப் பாருங்கள் என்பதே. கட்டை விரலால் தையலைத் தடவிச் செல்லுங்கள். கவட்டில் தையல்கள் ஒரு புள்ளியில் கூடாமல், தனித் துண்டு ஒன்று இருத்தல் வேண்டும். தையல் மேடிட்டு நில்லாமல் தட்டையாகப் படிந்திருத்தல் வேண்டும். பின்னலாடைத் தொழிலில் பிளாட்லாக் என்று வழங்கும் தையல் இதற்கு உகந்தது. கால் பாகம் தொடையின் நடுவரை இறங்கியிருந்தால் தோலோடு தோல் உரசாது. தொடை மடிப்பிலேயே முடியும் குட்டை ஜட்டியின் ஓர ரப்பர், சரியாகச் சேணம் அழுத்தும் இடத்தில் கயிறு போல் நிற்கும். தொளதொளவென்ற டிராயரும் ஆகாது. அது சுருண்டு மடிந்து கீழே சேர்ந்துவிடும். மடிப்பின் மேல் நான்கு மணி நேரம் அமர்ந்தவருக்கு அதன் அருமை தெரியும். உடல் அசைவிற்கேற்ப நீண்டு மீளும் பின்னல் துணியே இதற்குப் பொருத்தம். தறித் துணி நெய்யும் நம் அங்கத்தினர்களுக்கு இது கசப்பாக இருக்கலாம். நானும் தறிக்காரன் மகன்தான்.

நம் முன்னோர் அணிந்த கோவணமே போதுமே என்று ஒரு பெரியவர் என்னிடம் வாதிட்டார். கோவணத்தில் தையல் இல்லை, ரப்பர் இல்லை, ஆண்களுக்கு வேண்டிய தாங்கலும் உண்டு. மல்லர்கள் அதை விடாமல் கட்டுவது காரணமின்றி அன்று. ஆனால் உள்தொடையை அது வெறுமையாக விட்டுவிடுகிறது. பின்புறம் செல்லும் துணி திரிந்து கயிறாகிறது. சேணத்தின் மேல் அது பொருந்தாது என்பதே என் அபிப்பிராயம்.

பெண்மக்களும் இன்று குதிரை ஏறுகிறார்கள். கவட்டுத் தையலைக் குறித்து மேலே சொன்னது அவர்களுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். விளிம்பில் லேசு வைத்ததும் மிகக் குறுகலாக வெட்டியதும் சவாரிக்கு உதவா. துள்ளோட்டத்தில் மார்புக்கு உறுதியான தாங்கல் தரும் கச்சும் அவர்களுக்கு இன்றியமையாதது.

இனி, பருத்தி விளைவிப்போர் பொறுத்தருள வேண்டிய பகுதிக்கு வருகிறேன். ஓரிரு மணி நேரச் சவாரிக்குச் சீப்பிட்ட பருத்தி நூலில், 40-ஆம் நம்பர் அளவில், மெல்லியதாகப் பின்னிய உடையே எனக்கும் பிடித்தது. தோலுக்கு மென்மை, துவைத்தால் சுத்தம், நனைந்தாலும் நூல் வலுவிழப்பதில்லை. ஆனால் நாள் முழுவதும் சவாரி என்றால் கதை வேறு. பருத்தி இழை தண்ணீரை விரும்பி உள்ளே வாங்கிக்கொள்ளும், எளிதில் விடாது. சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் நூற்றுக்கு 8 பங்கு அளவு ஈரத்தை வைத்துக்கொள்கிறது. பாலியெஸ்டர் வைத்துக்கொள்வது அரைப் பங்குக்கும் குறைவு. நம் நாட்டுப் புழுக்கத்தில் பத்து மணிக்கு நனைந்த பருத்தி உள்ளுடை, காற்றுப் புகாத சேணத்துக்கும் உடலுக்கும் நடுவே, மாலைவரை உலர்வதே இல்லை. தோல் ஊறிப்போகிறது, ஊறிய தோல் எளிதில் உரிகிறது, படர்தாமரைக்கும் அந்த ஈரமே விளைநிலம். கம்பளி பருத்தியைவிட அதிக ஈரத்தை ஏற்பினும் தோலுக்கு ஈரமாகத் தோன்றுவதில்லை. குளிர்நாட்டுக் குதிரைக்காரர் மெல்லிய மெரினோ கம்பளியை நாடுவது அதனாலேயே. விலைதான் நமக்கு எட்டாது.

கலிபோர்னியாவில் 1955 முதல் நடைபெறும் டெவிஸ் கோப்பை ஓட்டத்தில் 160 கிலோமீட்டரை 24 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். மங்கோலியாவில் 2009-இல் தொடங்கிய ஓட்டமோ சுமார் 1,000 கிலோமீட்டர். இத்தகைய தூரத்துக்குப் புறப்படுபவரிடம், நம் சரக்கு என்ற ஒரே காரணத்தால் தடித்த பருத்தியைத் தலையில் கட்டுவது வியாபாரமாகாது. பாலியெஸ்டரைப் புகழ்வதற்காகவும் நான் இதை எழுதவில்லை. அது நாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிலருக்கு அரிப்பும் தரும். இரண்டையும் ஒரே துணியில் இரு முகமாகப் பின்னும் முறை ஒன்றுண்டு. தோலைத் தொடும் முகம் ஈரம் தங்காத இழை, வெளிமுகம் பருத்தி. உள்முகம் கடத்திவிடும் வியர்வையை வெளிமுகத்துப் பருத்தி இழுத்துக்கொள்ளும். பருத்தியின் தாகத்தையே இங்கு நாம் உபயோகப்படுத்துகிறோம். இதைப் பின்னத்தக்க இயந்திரங்கள் திருப்பூர் வட்டாரத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நம் சங்கத்தின் சிறு ஆர்டரை ஏற்பார்களா என்று விசாரிப்பதற்குச் செலவொன்றுமில்லை.

எந்த உடையை வாங்கினும் புதிதாக அணிந்து நெடுஞ்சவாரிக்குப் போகலாகாது. கஞ்சியும் பூச்சும் போக இரண்டு மூன்று முறை துவைத்து, குறைந்த நேரச் சவாரிகளில் அணிந்து பழகிய பிறகே நீண்ட பயணத்துக்கு எடுக்க வேண்டும். சவுக்காரம் சிறிதும் தங்காமல் அலசுவது அவசியம். மட்டமான சாயம் வியர்வையில் இளகித் தோலில் இறங்குமாதலால், வெள்ளையோ சாயமிடாத நிறமோ நல்லது. பையில் மாற்று உடை ஒன்று இருக்கட்டும். நண்பகலில் இறங்கி, துடைத்து, மாற்றிக்கொண்டு ஏறுவது எந்த விலையுயர்ந்த துணியையும்விட அதிகப் பயன் தரும்.

அந்த இளைஞருக்கு இவ்வளவையும் எடுத்துச் சொன்னேன். வெளிக்கடையில் பொருத்தமான உடை வாங்கிக்கொண்டாராம், புண்ணும் ஆறிவிட்டது. நாம் விற்ற டிராயர்களில் ஒன்றை அவரிடமே கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த பொதுக்குழுவுக்கு அதைக் கொண்டுவருவேன். நிர்வாகக் குழுவினர் ஒவ்வொருவரும் அக்கவட்டுத் தையலை ஒரு முறை விரலால் தடவிப் பார்க்க வேண்டுமென்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.