ஆமையை மீட்டால் போதுமா?

சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வரும் பெட்டிகளில் முறுக்கும் ஊறுகாயும் மட்டும் வருவதில்லை. சிலவற்றில் நட்சத்திர ஆமைகளும் வருகின்றன. அசைய முடியாதபடி துணியில் சுற்றி, ஒட்டுநாடா போட்டு அடுக்கிவிடுகிறார்கள். விமான நிலையத்தில் அவை பிடிபட்டால், ‘ஆமைகள் மீட்பு’ என்று செய்தி வரும். நாமும் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவோம்.

உண்மையான சிக்கல் அதன் பிறகுதான் தொடங்குகிறது.

நட்சத்திர ஆமைகள் இந்தியாவின் தெற்கிலும் வடமேற்கிலும் இலங்கையிலும் வறண்ட புதர்க்காடுகளில் வாழ்கின்றன. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், இடத்துக்கு இடம் அவற்றின் மரபணு வேறுபடுகிறது. கடத்தல் பெட்டியில் எல்லாம் கலந்துவிடுகின்றன. எது எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று தெரியாமல் கண்ட இடத்தில் விட்டால், அங்கு ஏற்கெனவே இருக்கும் ஆமைகளுக்கு நோய் பரவலாம். மரபணுக் கலப்பும் ஏற்படலாம். 2018ஆம் ஆண்டில், சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 ஆமைகள் கர்நாடகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் 2015இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவின் ஒரே வட்டாரத்தில் ஓராண்டில் குறைந்தது 55,000 ஆமைகள் பிடிக்கப்படுவதாகக் கணக்கிட்டது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2019இல் சைட்டிஸ் ஒப்பந்தம் நட்சத்திர ஆமைக்கு மிக உயர்ந்த பாதுகாப்பை வழங்கியது. காட்டில் பிடித்த ஆமையை நாடு விட்டு நாடு விற்பது அதன்படி முற்றாகத் தடை. சிங்கப்பூரில் வீட்டில் வளர்க்க அனுமதி உள்ள ஆமை வகைகளில் இது இல்லவே இல்லை. இருந்தும் கைப்பேசியில் தேடினால் விற்பனைப் படங்கள் கண்ணில் படுகின்றன. கீழே ‘விலை என்ன?’ என்று கேட்பவர்களில் நம் வயதினரும் இருக்கிறார்கள்.

“வீட்டில் நன்றாகத்தானே பார்த்துக்கொள்கிறேன்” என்பது அவர்கள் வாதம். இருக்கலாம். ஆனால் வீட்டுத் தொட்டியில் எத்தனை ஆண்டுகள் சுகமாக வாழ்ந்தாலும், அதன் காட்டைப் பொறுத்தவரை அந்த ஆமை இறந்ததற்குச் சமம். அங்கே அது இனி முட்டையிடப் போவதில்லை.

பெட்டியைச் சுமந்து வந்த ‘குருவி’ சிறைக்குப் போகிறார். அனுப்பியவர் அடுத்த குருவியைத் தேடுகிறார். வாங்கவிருந்தவர் யார் என்று செய்திகளில் அபூர்வமாகவே படிக்கிறோம். அமலாக்கம் அந்தப் பக்கமும் திரும்ப வேண்டும். அதுவரை, இத்தகைய விளம்பரம் கண்ணில் பட்டால் நண்பருக்கு அனுப்பாதீர்கள். படம் பிடித்து சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகத்துக்கோ மலேசியாவில் பெர்ஹிலித்தானுக்கோ அனுப்புங்கள்.