தமிழில் இல்லாத காலமா?

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிக்கொள்வதில் நமக்குப் பெருமை. அந்த ஊரைச் சுற்றியுள்ள பல வகுப்புகளிலும் டியூஷன்களிலும், ஆங்கிலப் பாடத்தில் ‘பிரசண்ட் பெர்பெக்ட்’ வந்ததும் கேட்கும் பேச்சு இதுதான்: “இந்தக் காலம் தமிழில் கிடையாது. ஹேவ், ஹேஸ் போட்டு வி3 போடு. தமிழில் யோசிக்காதே.”

கிடையாதா? ஜூனில் கார் சாகுபடிக்காகப் பாபநாசம் அணை திறந்தால் கன்னடியன் கால்வாய்க் கரையில் என்ன பேசிக்கொள்கிறார்கள்? “தண்ணி தொறந்திருக்காவ.” “தொறந்தாவ” என்பதில்லை. முதல் வாக்கியத்தைக் கேட்ட விவசாயி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடைக்குப் போவார். இரண்டாவது போன வருஷத்துச் சங்கதியாகவும் இருக்கலாம். நடந்தது முன்னால், அதன் விளைவு இப்போது கண்முன்னே. ‘தே ஹேவ் ஓபன்ட் த டேம்’ என்பதும் இதையேதான் சொல்கிறது. வாசலில் நின்று “சாப்டாச்சா?” என்று கேட்கிற ஊரில் இந்தக் காலம் இல்லை என்பது வேடிக்கை.

நன்னூல் மூன்று காலம்தானே சொல்கிறது என்பார்கள். சரிதான். ‘இரு’ போன்ற துணைவினையைச் சேர்த்துத்தான் நாம் இந்தப் பொருளைப் பெறுகிறோம். ஆங்கிலம் மட்டும் என்ன செய்கிறது? அதுவும் ‘ஹேவ்’ என்ற துணைவினையைத்தான் சேர்க்கிறது. துணைவினை சேர்ந்தால் கணக்கில் வராது என்றால், ஆங்கிலத்திலும் இந்தக் காலம் இல்லை.

அடுத்த வாதம், ‘இப்போதுதான் முடிந்த செயல்’ என்ற விளக்கம். நோட்ஸ்களில் திரும்பத் திரும்ப வரும் இந்த ஒற்றை வரிதான் பிள்ளைகளை அதிகம் கெடுக்கிறது. “மணிமுத்தாறு அருவி பாத்திருக்கியா?” என்று கேட்டால், பத்து வருஷத்துக்கு முன் பார்த்தவனும் ஆமாம் என்பான். ‘ஹேவ் யூ எவர் ஸீன்’ என்பதும் அப்படித்தான். அனுபவம் உண்டா என்பதுதான் கேள்வி. ‘ஐ ஹேவ் லிவ்ட் இன் பேட்டை ஃபார் டென் இயர்ஸ்’ என்பதிலோ செயல் முடியவே இல்லை. மொழியியலாளர் பெர்னார்ட் காம்ரி 1976இல் வெளியிட்ட நூலில் இதற்கு நான்கு பயன்களைப் பிரித்துக் காட்டினார்: விளைவு, அனுபவம், தொடர்ச்சி, அண்மை. நம் நோட்ஸ் நாலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற மூன்றையும் விட்டுவிட்டது.

தமிழில் யோசிப்பதால்தான் தப்பு வருகிறது என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. “நேத்து தொறந்திருக்காவ” என்பது தமிழில் பிழையில்லை. “1992லயும் 2023லயும் ஆத்துல பெருவெள்ளம் வந்திருக்கு” என்பதும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ‘யெஸ்டர்டே’யோ முடிந்துபோன ஆண்டோ வந்துவிட்டால் ‘ஹேவ்’ நிற்காது. சிம்பிள் பாஸ்ட் போட வேண்டும். இதில் கண்டிப்பு காட்டுவது ஆங்கிலம்தான். ஜெர்மன்காரர் தம் மொழியில் ‘நேற்று’டன் இதே அமைப்பைத் தாராளமாகச் சொல்வார். இன்னொரு இடம்: “பத்து வருஷமா பேட்டையில இருக்கேன்” என்று நாம் வெறும் நிகழ்காலத்தில் சொல்கிறோம். ‘ஐ ஆம் லிவிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ பிறப்பது அங்கேதான். “சாப்பிடலை” என்ற ஒரே சொல் ‘டிட் நாட் ஈட்’, ‘ஹேவ் நாட் ஈட்டன்’ இரண்டுக்கும் நமக்குப் போதும் என்பது மூன்றாவது.

தமிழ் வாக்கியத்தைப் பலகையில் எழுதினால்தான் இந்த இடங்கள் கண்ணில் படும். தமிழைத் தடுத்தாலும் பிள்ளை மனசுக்குள் தமிழில்தான் யோசிக்கும். வாத்தியாருக்குத்தான் அது தெரியாமல் போகும். மொழிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டது 1856இல்.

அமெரிக்கர்களே பிரசண்ட் பெர்பெக்டைப் பயன்படுத்துவதில்லையே என்பவர்களுக்கு ஒரு வரி: ‘ஆல்ரெடி’, ‘ஜஸ்ட்’ வருமிடத்தில் அவர்கள் பல நேரம் சிம்பிள் பாஸ்டுக்குப் போவது உண்மை, ‘சின்ஸ்’ வந்தால் அவர்களும் ‘ஹேவ்’தான்.

ஆகவே ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வி3 பட்டியலை அடுத்த வாரம் கொடுங்கள். முதல் பீரியடில் பிள்ளைகளிடம் ‘-இருக்கு’ என்று முடியும் பத்துத் தமிழ் வாக்கியங்களை வாங்கிப் பலகையில் எழுதுங்கள். அவற்றில் ‘நேத்து’ வரும் வாக்கியங்களை அவர்களையே பிரித்தெடுக்கச் சொல்லுங்கள்.